ஒன்று தட்டினால் வெடிக்கிறது, இன்னொன்று சுத்தியலுக்கும் அசையவில்லை: கேள்வி பதில்

வெடிபொருளின் மூலக்கூறு அமைப்புக்கும் அதன் உணர்திறனுக்கும் (எவ்வளவு சீண்டினால் வெடிக்கும் என்பதற்கும்) என்ன தொடர்பு என்பது பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். தயாரிப்பு முறை கேட்டு வந்தவற்றை அழித்துவிட்டேன். இனி வந்தாலும் அதே கதிதான்.

செல்வி: டிஎன்டியை அடித்தாலும் சும்மா இருக்குமாம். நைட்ரோகிளிசரின் மட்டும் ஏன் அப்படி இல்லை மேடம்?

எவ்வளவு சக்தி வெளிவருகிறது என்பது ஒன்று, அதைக் கிளப்ப எவ்வளவு சீண்ட வேண்டும் என்பது வேறொன்று. இரண்டிலுமே நைட்ரோ தொகுதி, அதாவது ஒரு நைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்த துண்டு உண்டு. அது எதில் தொங்குகிறது என்று பாருங்கள். டிஎன்டியில் பென்சீன் வளையத்தின் கார்பனில், ஆர்டிஎக்ஸில் நைட்ரஜனில், நைட்ரோகிளிசரினில் ஆக்சிஜனில். இந்தப் பிணைப்புகளில் வளையக் கார்பனோடு இருப்பதுதான் உறுதியானது, ஆக்சிஜனோடு இருப்பது நோஞ்சான். பெரும்பாலும் முதலில் அறுவது நைட்ரோவைப் பிடித்திருக்கும் பிணைப்புதான். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

1863இல் வில்பிராண்ட் டிஎன்டியைத் தயாரித்தபோது அது வெறும் மஞ்சள் சாயம். அது வெடிபொருள் என்று தெரியவே ஏறக்குறைய முப்பது வருடம் பிடித்தது. 1847இல் சோப்ரெரோ தயாரித்த நைட்ரோகிளிசரின் அப்படிப் பொறுமை காட்டவில்லை. நோபலின் தம்பி எமில் 1864இல் ஸ்டாக்ஹோமில் அதற்குத்தான் பலியானார்.

ஆய்வகத்தில் 2.5 கிலோ எடையை மேலிருந்து விடுவார்கள். பாதித் தடவை வெடிக்கும் உயரம்தான் கணக்கு. பிஇடிஎன் (இதிலும் நைட்ரோ ஆக்சிஜனில்தான்) சுமார் 12 செ.மீ., ஆர்டிஎக்ஸ் 25 செ.மீ. அளவில், டிஎன்டி ஒன்றரை மீட்டர். கருவிக்குக் கருவி எண் மாறும், இந்த வரிசை மாறுவது அபூர்வம்.

இஸ்மாயில்: அப்பா நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் நைட்ரேட்தானாமே. வெடிக்குமா?

வெடிக்காது. மாத்திரையில் மருந்து 5 அல்லது 10 மில்லிகிராம், மீதி மாவுப்பொருள். ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த மருந்திலும் நைட்ரோ தொங்குவது ஆக்சிஜனில்தான், தூய நிலையில் அதுவும் வெடிபொருள். அதனால்தான் லாக்டோஸ் போன்றவற்றோடு கலந்தே கையாளுகிறார்கள். அப்பா பயமில்லாமல் போட்டுக்கொள்ளட்டும்.

அருண்: உலகிலேயே சக்தி வாய்ந்த வெடிபொருள் எது?

இன்று பேச்சு சக்தியைப் பற்றி அல்ல. முதல் பதிலின் முதல் வரி.

முத்துராஜ், சாத்தூர்: பட்டாசு ஆலைகளில் உராய்ந்தாலே தீப்பிடிக்கிறதே, அதற்கும் மூலக்கூறுதான் காரணமா?

அது கலவை. ஆக்சிஜன் தருவது ஒரு தூள், எரிவது இன்னொரு தூள். அங்கே ரசாயனத்தோடு உராய்வு, வெயில், ஈரம், தூளின் பருமன் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அந்தத் தொழிலில் பாதுகாப்புப் பார்ப்பவரைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

குமரன்: இவ்வளவு சுற்றுவது எதற்கு மேடம்? எல்லாம் ஆக்சிஜன் சமநிலைதான். காம்லெட் 1976லேயே கோடு போட்டுக் காட்டிவிட்டாரே.

ஆக்சிஜன் சமநிலை என்பது, மூலக்கூறில் இருக்கும் ஆக்சிஜன் அதன் கார்பனையும் ஹைட்ரஜனையும் எரிக்கப் போதுமா என்ற கணக்கு. அதற்கும் உணர்திறனுக்கும் வேதியியலாளர் காம்லெட் கோடு காட்டினார், ஆனால் வெடிபொருள் குடும்பத்துக்கு ஒரு கோடு. சரி, ஒரு ஜோடி தருகிறேன். ஆர்டிஎக்ஸில் ஒவ்வொரு கார்பனுக்கும் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். சுவீடன்காரர்கள் 1998இல் வெளியிட்ட ஃபாக்ஸ்-7 என்ற வெடிபொருளிலும் அச்சு அசலாக அதே விகிதம். ஆக்சிஜன் சமநிலை ஒன்றேதான். ஆனால் ஃபாக்ஸ்-7ஐ வெடிக்க வைக்க எடையைச் சுமார் மூன்று மடங்கு உயரத்திலிருந்து விட வேண்டும். அதில் ஒரு கார்பனில் இரண்டு அமினோ (ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்தது), அடுத்த கார்பனில் இரண்டு நைட்ரோ. அமினோவின் ஹைட்ரஜன் நைட்ரோவின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது, தன் மூலக்கூறிலும் பக்கத்து மூலக்கூறிலும்.

குமரன்: ஒரு விதிவிலக்கைக் காட்டி விதியையே தள்ளுகிறீர்கள்.

இன்னொன்று வேண்டுமா? எச்எம்எக்ஸ் என்ற வெடிபொருளுக்கும் அதே விகிதம். அதன் பீட்டா படிகத்தைச் சூடாக்கினால் டெல்டா ஆகும், உணர்திறன் கூடிவிடும். ஓர் அணுகூட மாறவில்லை. உங்கள் கோட்டில் இது எங்கே?

டிஏடிபி என்ற வெடிபொருளில் பென்சீன் வளையத்தைச் சுற்றி நைட்ரோ, அமினோ, நைட்ரோ, அமினோ என்று மாறி மாறி இருக்கும். ஹைட்ரஜன் பிணைப்பால் மூலக்கூறுகள் தட்டையான தாள்களாகப் படிகின்றன. அடி விழுந்தால் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், அழுத்தம் ஒரே இடத்தில் குவியாது. அதே எடையை மூன்று மீட்டருக்கு மேலிருந்து விட்டாலும் அசையாது. 1966இல் ஸ்பெயினின் பாலொமாரெஸிலும் 1968இல் கிரீன்லாந்தின் தூலேயிலும் அமெரிக்க விமானங்கள் விழுந்தபோது, அணுகுண்டுகளுக்குள் இருந்த சாதாரண வெடிமருந்து வெடித்துப் புளூட்டோனியத்தைச் சிதறடித்தது. பிற்பாடு அவர்கள் டிஏடிபிக்கு மாறியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

வித்யா: அப்படியானால் படிகம்தான் எல்லாம், மூலக்கூறு ஒன்றுமில்லையா?

நீங்கள் மறுகோடிக்குப் போகிறீர்கள். நைட்ரோகிளிசரின் திரவம், அதற்கு ஏது படிகம்? அடியின் சக்தி முழுப் பொருளையும் சூடாக்கப் போதாது. காற்றுக் குமிழி, விரிசல், உராயும் முனை என்று நுண்ணிய இடங்களில் குவிந்து அங்கே கொதிக்கும். பவுடன், யோஃபே என்ற விஞ்ஞானிகள் கேம்பிரிட்ஜில் காட்டியது இதைத்தான். அந்தச் சூட்டுப் புள்ளி உருவாகுமா என்பதில் படிகத்துக்குப் பங்கு பெரிது. உருவானபின் அது அணையுமா பரவுமா என்பதில் மூலக்கூறுக்கு.

தினேஷ்: நைட்ரஜன் ட்ரை அயோடைடு இறகு பட்டாலே வெடிக்கும் வீடியோ பார்த்தேன். வீட்டில்...

கூடாது. சின்ன நைட்ரஜனைச் சுற்றி மூன்று பருத்த அயோடின்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, அவ்வளவுதான் விளக்கம்.

ஜெயந்தி: உணர்திறன் குறைவானது என்றால் பாதுகாப்பானதுதானே?

இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். அம்மோனியம் நைட்ரேட் எளிதில் வெடிக்காது. பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் கிடந்தது, 2020 ஆகஸ்ட் 4 அன்று தீ பிடித்து வெடித்தது.

அருண்: மேடம், சக்தி பற்றி...

அருண்.

குமரன்: எல்லா எண்களையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டட்டுமா? கோடு வரும்.

போடுங்கள். நைட்ரமின்களை (நைட்ரோ நைட்ரஜனில் தொங்குபவை) தனியாக, வளைய நைட்ரோக்களைத் தனியாகப் போடுங்கள். பீட்டாவையும் டெல்டாவையும் எப்படி ஒரே புள்ளியில் வைக்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.