ஆபாசப் படம் பார்ப்பதை விட்டு ஆறு மாதம் ஆகிறது. மனைவி இன்னும் என் போனைச் சோதிக்கிறார். எப்போதுதான் நம்புவார்?

உங்கள் கேள்வியில் இருக்கும் அந்த 'எப்போதுதான்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. நானும் என் கணவரின் போனைச் சோதித்த மனைவிதான். மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம், கல்யாணமாகிப் பதினோரு வருஷம், ஒரு பையன். இந்த ஆறு மாதம் நீங்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே ஆறு மாதத்தில் நீங்கள் குளிக்கப் போகும்போதெல்லாம் போன் மேசையில் இருக்கிறதா, கூடவே போய்விட்டதா என்று உங்கள் மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

2021 ஜூனில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்தபோது, பையனின் ஆன்லைன் பாடத்துக்காக என் கணவரின் போனை வாங்கினேன். அப்படித்தான் தெரிந்தது. "எப்போதாவதுதான்" என்றார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே, அதுவும் தினமும் என்பது ஒரு மாதம் கழித்து வெளியே வந்தது. தீபாவளிக்கு முன் பையன் பெயரில் போட வைத்திருந்த 1,800 வெள்ளியை (ரிங்கிட்) காணவில்லை. காசு கட்டிப் பேசும் வீடியோ அழைப்புகளுக்குப் போயிருந்தது. மூன்றையும் நான்தான் தோண்டி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் "இவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை" என்று பையன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். படம் பார்த்ததைக்கூட ஒருநாள் மறந்திருப்பேன். உண்மையைத் தவணை கட்டியதுதான் என்னை முறித்துப்போட்டது. பிறகு அவர் நிஜமாகவே விட்டபோது, அதையும் அதே வாயால்தானே சொன்னார்?

"குடிக்கிறானா, அடிக்கிறானா? ஆம்பளைப் பிள்ளைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றார் மாமியார். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் முருகனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார். கிருத்திகை அன்று போனோம். நேர்த்திக்கடனை நான் குறை சொல்லவில்லை, முருகன் எனக்கும் துணைதான். ஆனால் 513 படி ஏறி இறங்கியவரால், வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து முழுசாக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரமே தேசியப் பதிவுத் துறைக்குப் போய் விவாகரத்து பற்றி விசாரித்தேன். ஒருவர் மட்டும் மனுப் போடுவதாக இருந்தால், 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் சமரசக் குழுவிடம் போக வேண்டும் என்றார்கள். அதற்கான பாரத்தை வாங்கிவந்து அலமாரியில் அவர் கண்ணில் படும்படி வைத்தேன். புருஷனை மிரட்டினாய் என்று இங்கே சிலர் எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் போகத் தயாராகத்தான் இருந்தேன்.

2022 தொடக்கத்தில் அவராகவே அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி நம்பர் எடுத்தார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். ஆலோசகர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. தமிழ் பேசுகிறவர் கிடைக்கவில்லையே என்று நான் வருத்தப்பட்டேன். என் கணவரோ, "மலாயில் பேசினதாலதான் வாய் திறந்துச்சு. தமிழில் அந்த வார்த்தையெல்லாம் சொன்னா அம்மா பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும்" என்றார்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் அந்த ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. பாலியல் உந்துதலை அடக்க முடியாமல் போவதை அதில் போதைப் பழக்கத்தோடு சேர்க்காமல், உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளில் வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் அந்தப் பெயர் பொருந்தாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ கட்டுப்படுத்த முடியாமல், வாழ்க்கை கெட்டும் தொடர்ந்திருக்க வேண்டும். கோளாறு என்று சொல்லவே ஆறு மாதம் பார்க்கிறார்கள். அதே ஆறு மாதத்தில் நம்பிக்கை திரும்பிவிட வேண்டும் என்று மனைவியிடம் கேட்பது நியாயமா?

மிச்சம் இருந்ததை எல்லாம் என் கணவர் ஆலோசகர் முன்னால் ஒரே நாளில் சொன்னார். எத்தனை வருஷம், எவ்வளவு பணம், யாரோடாவது பேசினாரா என்பதை மட்டும். படங்களில் என்ன இருந்தது என்று நான் கேட்கக்கூடாது, அவரும் சொல்லக்கூடாது என்று அந்த அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். அது நல்லதாகப் போயிற்று.

அக்டோபரில் ஒருநாள், இரவு ஷிஃப்ட் இடைவேளையில், விடிகாலை மூன்று மணிக்குப் போன் செய்தார். "இன்னிக்குப் பாத்துட்டேன். நீயா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்." கத்தினேன், அழுதேன். அப்புறம் ஆறு மணி வரை அசந்து தூங்கினேன். நான் தோண்டாமல் வந்த முதல் உண்மை அது. நான் அவர் போனைத் தொடுவது அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவர் கேட்டு அல்ல. அடுத்த தைப்பூசம் முடிந்து ஒருநாள் யோசித்தால், கடைசியாக எப்போது பார்த்தேன் என்றே நினைவில்லை.

      

உங்கள் மனைவியிடம் நீங்கள் இன்னும் சொல்லாதது ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஒரு ஆலோசகரை வைத்துக்கொண்டு, ஒரே தடவையில், இந்த மாதமே சொல்லிவிடுங்கள். எதுவும் இல்லை என்றால் போனை அவர் கேட்பதற்கு முன் கொடுங்கள், முகம் சுளிக்காமல்.

குடும்ப விஷயத்தைப் பொதுவில் போடுகிறாளே என்று நினைப்பவர்களுக்கு: இதை என் கணவர் படித்துவிட்டார். தான் வேலை செய்யும் கம்பெனி பெயரை மட்டும் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.