யூஎஃப்சில (கூண்டுக்குள்ள எல்லா சண்டைக் கலையும் கலந்து மோதுற அமெரிக்கப் போட்டி) ஒரு ஃபைட் கூட போடாத கோகோர் சிவிச்யானை ஏன் இவ்ளோ பெரிய வாத்தியாரா பேசுறாங்க?

நான் காலேஜ் படிக்கறப்ப மூணு வருஷம் ஜூடோ போனேன், ப்ளூ பெல்ட்டோட நின்னுடுச்சு. ஒரு நாள் ப்ராக்டிஸ்ல புதுசா வந்த ஒருத்தனை அழகா தூக்கிப் போட்டுட்டு மேல ஏறி அமுக்கலாம்னு போனா, அவன் படுத்த வாக்குலயே என் கணுக்காலை அக்குள்ல இடுக்கிட்டு பின்னால சாஞ்சான் பாருங்க, உயிரே போயிடுச்சு. "டேய் இது ஃபவுல்டா"ன்னு கத்துறேன், அவன் சிரிச்சுக்கிட்டே "ஜூடோல தாண்ணே ஃபவுலு, சாம்போல பாயிண்டு"ன்னான். அந்த சாம்போ என்ன எழவுன்னு தேடப் போயிதான் கோகோர் பேரே எனக்குத் தெரிஞ்சுது. உங்க கேள்விக்கு பதிலும் அந்த கணுக்கால்லயே இருக்கு.

அவரு 1963ல யெரெவான்ல பொறந்தவரு, அப்ப ஆர்மீனியா சோவியத்துக்குள்ள இருந்துச்சு. மல்யுத்தம் அந்த ஊருக்குப் புதுசில்ல. கோஹ்னு அவங்களுக்கே ஒரு பழைய மல்யுத்தம் உண்டு, கல்யாணம் திருவிழான்னா நடுவுல எடத்தைக் காலி பண்ணி விட்டு, நம்ம நாயனம் மாதிரி ஸுர்னான்னு ஒண்ணு, அதை ஊதி, டோல்னு ஒரு மேளத்தை அடிச்சு ரெண்டு பேரை மோத விடுவாங்க. லோரி பக்கம் சோகான்னு ஒரு கனமான மேலங்கி போட்டுட்டு துணியைப் புடிச்சு தூக்குவாங்க, ஷிராக் பக்கம் மேல ஒண்ணும் இல்லாம வெறும் கால்சட்டையோட மோதுவாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

சாம்போன்னா ஆயுதம் இல்லாத தற்காப்புங்கறதோட ரஷ்ய சுருக்கம். ஜப்பான்ல ஜூடோவோட தலைமைப் பள்ளியான கோடோகான்லயே ஜூடோ கத்துட்டு வந்த ஒஷெப்கோவ்னு ஒருத்தரு, கூட இன்னும் சிலபேரு, ஜூடோவையும் சோவியத்துக்குள்ள இருந்த ஒவ்வொரு இனத்தோட மல்யுத்தத்தையும் (கோஹ் உள்பட) கலந்து உண்டாக்கினது, 1938ல அரசாங்கமே அதிகாரப்பூர்வ விளையாட்டா அங்கீகரிச்சாங்க. அதைப் பார்க்க ஒஷெப்கோவ் இல்ல, அதுக்கு முந்தின வருஷமே ஜப்பான் உளவாளின்னு புடிச்சுட்டுப் போயி ஜெயில்லயே செத்துட்டாரு. அது தனிக் கதை, எழுத ஆரம்பிச்சா முடியாது.

விஷயம் என்னன்னா ஜூடோல கழுத்தை நெரிக்கலாம், முழங்கையை மடக்கிப் பூட்டலாம், ஆனா காலைத் தொட்டுப் பூட்டக் கூடாது. ஸ்போர்ட் சாம்போல காலைப் பூட்டலாம், கையைப் பூட்டலாம், ஆனா கழுத்தை நெரிக்கக் கூடாது. ஒரு விளையாட்டுல மட்டும் ஊறினவன் இன்னொரு பக்கம் வாசக்கதவை தொறந்து போட்டுட்டு தூங்குறவன் மாதிரிதான், நான் அன்னிக்கு அப்படித்தான் மாட்டுனேன். கோகோர் சின்ன வயசுலயே மல்யுத்தம், சாம்போ, ஜூடோன்னு எல்லாத்தையும் சேர்த்தே கத்துக்கிட்டு வளர்ந்ததால இந்த ஓட்டை எங்கெங்க இருக்குங்கறது உடம்புக்கே தெரியும். போட்டிகள்ல ஜெயிச்ச மெடலெல்லாம் நெறைய, அதை நான் இங்க அடுக்கப் போறதில்ல, ஏன்னா அவரோட மதிப்பு அதுல இல்லங்கறது என் அபிப்பிராயம்.

80கள் ஆரம்பத்துல குடும்பம் அமெரிக்காவுக்குப் போயி லாஸ் ஏஞ்சல்ஸ்ல செட்டில் ஆனாங்க. ஹாலிவுட், க்ளெண்டேல் ஏரியாவெல்லாம் ஆர்மீனியர்கள் கூட்டம் கூட்டமா இருக்கற எடம். அங்கதான் ஜீன் லெபெல் கிட்ட போயி சேர்ந்தாரு. லெபெல் யாருன்னா, 1954, 55 ரெண்டு வருஷமும் அமெரிக்க ஜூடோ சாம்பியன், அப்புறம் ப்ரோ ரெஸ்லிங், அப்புறம் சினிமா ஸ்டண்ட், ஜப்பான்ல வெள்ளை ஜூடோ டிரெஸ்ஸை செவப்புத் துணியோட சேர்த்து தொவச்சு அது ரோஸ் கலராயிடுச்சுன்னு அதையே வாழ்நாள் பூரா போட்டுட்டு திரிஞ்ச மனுஷன். 1963 டிசம்பர்ல, அதாவது கோகோர் கைக்குழந்தையா இருந்த வருஷம், சால்ட் லேக் சிட்டில மைலோ சாவேஜ்ங்கற பாக்ஸரோட மோதி நாலாவது ரவுண்டுல கழுத்தை நெரிச்சு தூங்க வெச்சாரு. ஜூடோக்காரன் பாக்ஸர் முன்னாடி நிக்க மாட்டான்னு ஒருத்தன் பத்திரிகைல 1000 டாலர் பந்தயம் கட்டி எழுதினதுல வந்த சண்டை. யூஎஃப்சி ஆரம்பிச்சதே 1993லங்க, கணக்கு பண்ணிக்கங்க.

லெபெல் கிட்ட எந்த ரூல்புக்கும் கெடையாது, பழைய கேட்ச் ரெஸ்லிங் (பூட்டுப் போட்டு ஜெயிக்கற மேலைநாட்டு மல்யுத்தம்) ஆளுங்க கிட்ட கத்துக்கிட்ட கழுத்து முறுக்கு, முட்டி, கணுக்கால், விரல் வரைக்கும் எது மடங்குமோ அதை மடக்குறதுதான் பாடம். சாம்போவும் ஜூடோவும் தெரிஞ்ச ஒருத்தனுக்கு இது கெடச்சா எப்படி இருக்கும்! லெபெல் இவரைத் தன் வாரிசு மாதிரியே வளர்த்தாரு, ஊர் ஊரா ரெண்டு பேரும் சேர்ந்தே செமினார் எடுப்பாங்க. கோகோர் ஆரம்பிச்ச ஸ்கூலுக்கு வெச்ச பேரு ஹயஸ்தான், ஆர்மீனியர்கள் சொந்த நாட்டை கூப்பிடுற பேரு அதான், ஆர்மீனியான்னு மத்தவங்கதான் சொல்றோம்.

90கள்ல அதே லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் க்ரேசி குடும்பத்தோட பிரேசிலியன் ஜுஜிட்சு (தரையில உருண்டு பூட்டற கலை) ஓகோன்னு வளருது, அந்தப் பக்கம் கால் பூட்டுன்னாலே நெறைய பேருக்கு ஒரு எளக்காரம், பொசிஷன் புடிக்கத் தெரியாதவன் செய்ற வேலைம்பாங்க. ஹயஸ்தான்ல அது அன்னாட சாப்பாடு. இன்னிக்கு க்ராப்ளிங் (அடி உதை இல்லாம புடிச்சு உருள்ற) போட்டில பாதி பேரு காலைப் புடிச்சுத்தான் ஜெயிக்கறான், யாரு எளக்காரம் பண்ணாங்கன்னு ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டேங்கறான்.

சரி, ஸ்டூடண்ட்ஸ் பக்கம் வருவோம், வாத்தியாரை எடை போட வேற தராசு ஏது. கேரோ பரிஸ்யான், அவரும் யெரெவான்ல பொறந்து சின்ன வயசுலயே அமெரிக்கா வந்தவரு. அந்தக் காலத்துல எல்லாரும் சொன்னது, கூண்டுக்குள்ள ஜூடோ வேகாது, புடிக்கறதுக்கு காலர் ஏது கை ஏது, எதிராளி வெறும் ஷார்ட்ஸ்ல வேர்வையோட வழுக்கிட்டு போயிடுவான்னு. 2003 செப்டம்பர்ல யூஎஃப்சி 44, கேரோவுக்கு அங்க முதல் ஃபைட், டேவ் ஸ்ட்ராஸரை தூக்கித் தூக்கிப் போட்டுட்டு ஒரு குட்டிக்கரணம் அடிச்சு அதே உருளல்ல கிமுராங்கற தோள் பூட்டைப் போட்டு தட்ட வெச்சாரு (தட்டினா தோல்வியை ஒத்துக்கிட்டதா அர்த்தம்). நான் அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு எனக்கே தெரியாது. காலரைப் புடிக்கற எடத்துல எதிராளி கைக்கு மேலாக நம்ம கையைப் போட்டு அவன் தோளோட சேர்த்து இறுக்கறது, அடுத்த கையில மணிக்கட்டையோ தலையையோ கட்டுறது, அப்புறம் இடுப்பை உள்ள விட்டா வீச்சு பழைய வீச்சுதான். மேல சொன்னேனே, ஷிராக் பக்கம் சட்டை இல்லாம மோதுவாங்கன்னு, துணி இல்லாம தூக்கறது அந்த மண்ணுக்கு ஒண்ணும் புதுசில்லங்க. அடுத்த வருஷம் நிக் டயஸையும் தோக்கடிச்சாரு. அப்புறம் பதட்டநோய், வலி மாத்திரை விவகாரம்னு அவரோட கெரியர் சரிஞ்சது வருத்தமான விஷயம்.

கேரோவோட சொந்தக்காரப் பையன் மேன்வெல் காம்பூர்யான் ஆர்மீனியாவோட கியூம்ரில பொறந்தவரு, 2007ல அல்டிமேட் ஃபைட்டர்ங்கற யூஎஃப்சி டிவி போட்டி ஃபைனல் வரைக்கும் போயி தோள்பட்டை போயி நேட் டயஸ் கிட்ட தோத்தாரு, 2010ல அப்ப சாம்பியனா இருந்த ஜோசே ஆல்டோவோட டைட்டில் ஃபைட்டும் போட்டாரு.

அப்புறம் ரோண்டா ரௌசி, ஜூடோல இருந்து வந்து யூஎஃப்சி பெண்கள் சாம்பியனானவங்க. இங்க மட்டும் கொஞ்சம் நிதானமா பேசணும், கோகோர் ரசிகர்கள் சில பேரு அந்தப் பொண்ணோட ஆர்ம்பார் (முழங்கைப் பூட்டு) முழுக்க இவரு குடுத்ததுன்னு எழுதறாங்க, அது நியாயமில்ல. அவங்க அம்மாவே 1984ல ஜூடோ உலக சாம்பியன், அமெரிக்காவுக்கு அதுதான் முதல் உலகப் பட்டம், ஆர்ம்பார் வீட்டுலயே இருந்த சொத்து. ஆனா ஹயஸ்தான்ல இந்த ஆர்மீனியப் பசங்களோட மேட்டுல கட்டி உருண்டுதான் அந்தப் பொண்ணு பக்குவப்பட்டது, 2008 பெய்ஜிங்ல வெண்கலம் வாங்கினதுக்கு அப்புறம் எம்எம்ஏக்கு (யூஎஃப்சி மாதிரி கலப்புச் சண்டைக்கு) வந்தப்பவும் அதே கூட்டம்தான் கூட நின்னுச்சு. லெபெலும் சின்ன வயசுல இருந்தே அந்தப் பொண்ணுக்குத் தாத்தா மாதிரி. 2015ல கேட் ஸிங்கானோவை 14 செகண்டுல தட்ட வெச்சதை பார்த்திருப்பீங்க.

யூஎஃப்சி ஆரம்பிக்கறப்ப கோகோருக்கு 30 வயசு, ஸ்கூல், ஸ்டூடண்ட்ஸ்னு ஆயாச்சு, தான் ஏறாட்டியும் ஏத்தி விட்டாரு. லெபெல் 2022 ஆகஸ்ட்ல 89 வயசுல காலமானாரு.

ஸ்ட்ராஸர் ஃபைட்டை மட்டும் தேடிப் பாருங்க, அந்தக் குட்டிக்கரணத்தை கமெண்ட்ல பேசலாம். நான் போய் கணுக்காலுக்கு தைலம் தேய்க்கறேன், மழைக்காலம் வந்தா இன்னும் குத்துது.