பாறையில் படரும் காலெர்ப்பா: மருந்து வேண்டாம்

வணக்கம் நண்பரே. மதுரை அண்ணாநகர் வீட்டிலுள்ள பவளம் வளர்க்கும் உங்கள் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டியில், திராட்சைக் கொத்துப் போன்ற பச்சைப் பாசி பிய்க்கப் பிய்க்கப் பெருகிப் பவளங்களின் மேல் ஏறுகிறது என்றும், மருந்து ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்தின்படி அது காலெர்ப்பா. மொத்தமாக மடிந்தால், உறிஞ்சி வைத்த சத்தையெல்லாம் ஒரே நாளில் தண்ணீரில் கொட்டிவிடும்.

உடல் முழுவதும் ஒரே செல்லாலான உயிரி என்பதால், அறுந்த துண்டுகூடக் காயத்தை மூடிக்கொண்டு புதுக்கொடியாகிவிடுகிறது. ஆகவே பாறையைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளிக்கு மாற்றி, கொத்தைப் பிடித்து இழுக்காமல், பாறையோடு ஒட்டி ஓடும் தண்டை இடுக்கியால் மெல்லத் தூக்கி, அதன் வெண்ணிற வேர் இழைகள் கல்லை விட்டு ஒவ்வொன்றாகக் கழன்று வரும்வரை பொறுமையாக எடுங்கள். வாரம் ஒருமுறை, இரண்டு மூன்று மாதங்களுக்கு இது தேவைப்படும்.

உண்மையான காரணம் தண்ணீராக இருக்கலாம். நம் ஊர் வெயிலில் ஆவியாகும் அளவுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் உப்புகளும் பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டும் சேர்ந்துகொண்டே போகும். வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவும் சுவைக்காகத் தாது உப்புகளைக் கலப்பதால், டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) பூஜ்ஜியம் காட்டும் நீரையே பயன்படுத்துங்கள். சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் சிறு தொட்டியில்) சத்தை உறிஞ்சும் கீட்டோமார்ஃபா என்ற வேறொரு பாசியை வளர்த்து இரவில் விளக்கெரிப்பதும் நல்லது. முயல்மீன் இப்பாசியைத் தின்னும். ஆனால் மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை.

எடுத்த பாசியை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். இராமேசுவரம் போகும்போது கடலில் விட்டுவிடாதீர்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் பவளங்களை மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.