உமியையும் சக்கையையும் ராக்கெட்டில் எரிக்கலாமா?

கேள்வி: கல்லூரி புராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன ஹைப்ரிட் ராக்கெட் எஞ்சின் செய்கிறோம். எரிபொருளாக உமி, கரும்புச் சக்கை, மரத்தூள் மாதிரி தாவரக் கழிவை அழுத்திக் கட்டியாக்கிப் போடலாமா?

எரியும், அதில் சந்தேகமே வேண்டாம். ஹைப்ரிட் எஞ்சினில் திட எரிபொருள் உள்ளே உட்கார்ந்திருக்க, ஆக்சிஜனோ நைட்ரஸ் ஆக்சைடோ தனித் தொட்டியிலிருந்து அதன் நடுத் துளை வழியாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் எதுதான் எரியாது? 1940-களிலேயே அமெரிக்காவின் பசிபிக் ராக்கெட் சொசைட்டி டக்ளஸ் ஃபர் மரத்தைத் திரவ ஆக்சிஜனோடு எரித்துப் பார்த்தது. அப்புறம் மெழுகு, கடைசியில் ரப்பர் என்று நகர்ந்துவிட்டார்கள்.

சிக்கல் கரியில் இருக்கிறது. பாதியில் அணைத்த ஒரு கட்டியைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: துளையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பொருக்கு, அதற்கு அடியில் சூடே படாத மாதிரி பழுப்பு நிறம். அந்தப் பொருக்கு உள்ளே வெப்பம் போகாமல் தடுக்கிறது, அதனால் கட்டி மெதுவாகத்தான் தேய்கிறது, உந்துவிசையும் குறைகிறது. மெழுகு இதற்கு நேர் எதிர். மேற்பரப்பு உருகி, ஓடும் வாயு அதைத் துளித்துளியாகப் பிய்த்துக்கொண்டு போவதால் வழக்கமான ரப்பர் எரிபொருளைவிட 3, 4 மடங்கு வேகமாகத் தேயும்.

இன்னொன்று, தாவரக் கழிவின் முக்கியப் பொருளான செல்லுலோஸின் எடையில் கிட்டத்தட்ட பாதி ஏற்கெனவே ஆக்சிஜன்தான். கிலோவுக்குச் சுமார் 17 மெகாஜூல் வெப்பம் தரும், மெழுகு 40-க்கு மேல். பதிலுக்கு ஒரு கிலோவை எரிக்க 1.2 கிலோ ஆக்சிஜன் போதும், மெழுகுக்கு 3.4 வேண்டும். இதைக் கவனிக்காமல் மெழுகுக்குக் கணக்குப் போட்ட இன்ஜெக்டரையே (ஆக்சிஜனை உள்ளே செலுத்தும் பாகம்) வைத்தால் மிஞ்சும் ஆக்சிஜன் உங்கள் கிராஃபைட் நாசிலைத் (வாயு வெளியேறும் குறுகிய வாய்) தின்னும்.

உமியை விட்டுவிடுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பல், பெரும்பாலும் சிலிக்கா. உருகி நாசில் தொண்டையில் ஒட்டினால் வழி குறுகி அறை அழுத்தம் ஏறும், சின்ன எஞ்சினுக்கு அது விளையாட்டில்லை. வெறும் தூளை அழுத்திய கட்டியும் வேண்டாம், இடுக்குகளுக்குள் தீ புகுந்துவிடும்.

நான் செய்வதாக இருந்தால் சலித்த மரத்தூளை மெழுகில் பத்து சதவீதம் கலந்து தொடங்குவேன். முதலில் தூளை 105 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை காய வையுங்கள். ஈரம் இருந்தால் சூடான மெழுகில் நுரைத்து, ஆறியபின் உள்ளே ஓட்டை ஓட்டையாக நிற்கும். தூள் மெழுகைவிடக் கனம், அடியில் படிந்துவிடும், ஆகவே ஒரே மூச்சில் ஊற்றாமல் மெல்லிய அடுக்குகளாக ஊற்றுங்கள். ஆக்சிஜன் தரும் உப்பு எதையும் இதில் கலக்கவே கூடாது, கலந்தால் அது ஹைப்ரிட்டே இல்லை. எரியூட்டலும் தடுப்புச் சுவருக்குப் பின்னால், தூரத்திலிருந்து, அனுபவம் உள்ளவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

சோதனை முடிந்ததும் கட்டியை அப்படியே எடை போடாதீர்கள். கரியைச் சுரண்டித் தனியாக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தேய்வு வேகக் கணக்கு தப்பாக வரும்.