டீச்சர் தேர்தலில் நிற்கலாமா?

ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பதினைந்து ஆண்டுகளாகப் படித்துக்கொடுக்கிறேன். அடுத்த மாநிலத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஒரு கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு வயது 38. அப்பா பால்மரம் வெட்டியவர். "அரசாங்க வேலையை விட்டுவிட்டு யாராவது அரசியலுக்குப் போவார்களா" என்று சத்தம் போடுகிறார். பள்ளிக்குப் புதுக் கட்டடம் கேட்டு நாங்கள் எழுதாத கடிதம் இல்லை. சட்டமன்றத்துக்குப் போனால் பள்ளிக்கு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? இல்லை, இருக்கிற நல்ல பெயரையும் கெடுத்துக்கொள்வேனா? என் பெயரைப் போட வேண்டாம்.

ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

அன்புள்ள டீச்சர்,

போகலாம். போக வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அங்கே உங்கள் கைக்கு எது எட்டும், எது எட்டாது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் அப்பாவின் கவலை. அது நியாயமானது. ஆதாயம் தரும் அரசாங்கப் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக முடியாது என்று கூட்டரசு அரசமைப்பின் எட்டாவது அட்டவணை சொல்கிறது. விடுப்பு எடுத்துக்கொண்டு நின்று பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை, வேலையை விட்டாக வேண்டும். தோற்றால் அதே வகுப்பறை காத்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். உங்களுக்கு 40 வயது ஆகிவிட்டால் விருப்ப ஓய்வு என்ற வழி திறக்கும். அதற்கு முன் ராஜினாமா செய்தால் ஓய்வூதியம் போய்விடும். உங்கள் பேராக் மாநிலத்தில் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2022 நவம்பரில், சட்டமன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு. நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

ஆசிரியர்கள் அரசியலுக்கு வருவது இந்த நாட்டில் புதிதில்லை. மலாய்க்காரர்களிடையே அம்னோ கட்சியை ஊர் ஊராக வளர்த்தவர்களே பள்ளி ஆசிரியர்கள்தான். மலாக்காவின் முதலமைச்சராகி, பிறகு துணைப் பிரதமர்வரை போன கஃபார் பாபா ஆசிரியராக இருந்தவர். சிலாங்கூரில் மந்திரி பெசாராக, அதாவது மாநில அரசின் தலைவராக, இருந்த முகமது தைப்பும் அப்படித்தான். நம்மவர்களில் பேராசிரியர் ப. இராமசாமி பல்கலைக்கழகத்தை விட்டு வந்து 2008 முதல் 2023 வரை பினாங்கின் இரண்டாவது துணை முதலமைச்சராக இருந்தார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கல்வி கூட்டரசின், அதாவது மத்திய அரசாங்கத்தின், கையில் இருக்கிறது. பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம், உங்கள் சம்பளம் எல்லாம் புத்ராஜெயா சமாச்சாரம். சட்டமன்றத்தில் எவ்வளவு உரக்கப் பேசினாலும் அதில் ஒரு வரி மாறாது. குடியுரிமையும் அப்படித்தான். நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு ஒரு தாய் வந்து நின்றால், பதிவு இலாகாவுக்கு ஓர் ஆதரவுக் கடிதம் எழுதிக் கொடுப்பதோடு ஒரு ஒய்.பி.யின், அதாவது சட்டமன்ற உறுப்பினரின், அதிகாரம் முடிந்துவிடுகிறது.

ஆனால் நிலம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியின் கதையே நிலத்தின் கதைதான், டீச்சர். படிக்கும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படிப் பிறந்த பள்ளிகள் தோட்டத்து மண்ணிலேயே நின்றன. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று ஏறத்தாழ 530. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள், தோட்டங்கள் கைமாறின, லயத்துச் சனங்கள் பட்டணத்துக்குப் போனார்கள். பள்ளியின் காலடி மண் மட்டும் கம்பெனியின் பெயரிலேயே கிடந்தது. இன்றைக்கும் பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் அரசாங்கத்தின் முழு உதவி கிடைக்காத பகுதி உதவிப் பள்ளிகளாகவே இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். உங்கள் கட்டடக் கடிதங்கள் எங்கே போய்த் தேங்குகின்றன என்று தேடினால், அனேகமாக இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேறொரு மாநிலத்தில் ஒரு தவணை சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். ஒரு சனிக்கிழமை காலையில் அவருடைய சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். கடைவீட்டு மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள். கரண்டு பில் கட்ட முடியாதவர், கூரை ஒழுகும் வீட்டுக்காரி, மகனுக்கு லோரி லைசன்ஸ் வேண்டும் என்ற பாட்டி. எல்லோரிடமும் அவர் முதலில் கேட்டது "எந்தத் தோட்டம்?" என்பதைத்தான். பாதிப் பேருக்கு மேல் அவரிடம் படித்த பிள்ளைகளின் பெற்றோர். கூட்டம் கலைந்த பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார். மடித்து மடித்து மடிப்புகள் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது. தோட்டத்தின் லோட், அதாவது அந்த நிலத் துண்டு, முழுவதும் ஒரே கோட்டுக்குள். அதன் மூலையில் அவரே பென்சிலால் ஒரு கட்டம் போட்டு "பள்ளி, திடல், கோயில்" என்று எழுதியிருந்தார். திடலின் பாதி அந்தப் பென்சில் கோட்டுக்கு வெளியே கிடந்தது. செம்பனை ஏற்றும் லோரிகள் அங்கேதான் திரும்பும் என்றார்.

அந்த மூலையைத் தனி லோட்டாகப் பிரிப்பதுதான் அவர் தனக்கு வைத்துக்கொண்ட வேலை. மாவட்ட நில அலுவலகம், நில அளவை இலாகா, கம்பெனியின் கோலாலம்பூர் அலுவலகம், கடைசியில் மாநிலத்தின் அமைச்சரவை போன்ற ஆட்சிக்குழு என்று நடையாய் நடந்தார். கம்பெனி மசியாவிட்டால் 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி பொதுத் தேவைக்காக மாநிலமே நிலத்தை எடுக்கலாம், ஆனால் இழப்பீட்டுப் பணத்தை யார் தருவது என்று ஆட்சிக்குழுவில் கேட்பார்கள். அவர் ஆட்சிக்குழுவில் இல்லை. கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவர்களை நச்சரிக்க மட்டுமே அவரால் முடிந்தது. அடுத்த தேர்தலில் கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. நிலம் பள்ளிக்கென்று ஒதுக்கப்பட்டபோது திறப்பு விழாவில் மாலை வாங்கியது வேறொருவர். இவர் பின்வரிசையில் உட்கார்ந்து சந்தோஷமாகக் கைதட்டினார். அது பொய்ச் சந்தோஷம் இல்லை, நான் பக்கத்தில் இருந்தேன்.

நல்ல பெயர் கெடுமா என்று கேட்கிறீர்கள். அரசியலில் உங்கள் பிடிக்குள் இல்லாதவை நிறைய. நம் பேராக்கிலேயே 2008இல் வந்த ஆட்சி ஓராண்டு முடிவதற்குள் மூன்று பேர் விலகியதால் கவிழ்ந்தது. சபாநாயகராக இருந்த வி. சிவகுமாரை 2009 மே 7ஆம் தேதி சபையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் பெயர் அதனால் கெடவில்லை. பெயரைக் கெடுப்பது பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான். அரசாங்க வேலை எடுக்கும் குத்தகைக்காரரின் விருந்து, மானியக் காசோலையைப் படத்துக்காகத் தூக்கிப் பிடிப்பது, போனை எடுக்காமலிருப்பது. ஒரு தவணை முழுக்கப் போனை எடுத்த ஒய்.பி.யை நம் சனங்கள் லேசில் மறப்பதில்லை.

நீங்கள் இருக்கும் ஊரும் சும்மா ஊரில்லை. சுங்கை சிப்புட்டை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்த துன் சம்பந்தன்தான், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். நிலம் நம் பெயரில் இல்லாவிட்டால் மற்றது எதுவும் நிலைக்காது என்று புரிந்து வைத்திருந்தவர் அவர்.

ஆகவே வீடு தேடி வந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்தத் தொகுதி? அதில் எத்தனை தமிழ்ப்பள்ளிகள் கம்பெனி நிலத்தில் நிற்கின்றன? ஜெயித்தால் நில விவகாரத்தில் உங்கள் பேச்சு ஆட்சிக்குழுவில் யார் மூலம் போகும்? பதில் சொல்லத் தடுமாறினால், அவர்களுக்கு வேண்டியது உங்கள் முகமும் டீச்சர் என்ற மரியாதையும்தான். அதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. பள்ளி வாரியத் தலைவரைக் கூட்டிக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போய், உங்கள் பள்ளி நிற்கும் லோட் யார் பெயரில் இருக்கிறது என்று பட்டாவைத் தேடி எடுங்கள். அதற்கு ஒய்.பி.யாக வேண்டியதில்லை. கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.