'அன்பேலன்ஸ்டு எனேபிள்' எச்சரிக்கை வந்தால் எனேபிள் வரியை நீக்கிவிடலாமா?

லினக்ஸ் நெட்வொர்க் டிரைவரில் 'அன்பேலன்ஸ்டு எனேபிள்' (டிசேபிளுக்கு ஜோடியில்லாத எனேபிள்) என்று கெர்னல் எச்சரிப்பதால், இன்டரப்டை, அதாவது சாதனம் செயலியை அழைக்கும் சைகையை, மீண்டும் திறக்கும் எனேபிள்_ஐஆர்க்யூ வரியை நீக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீக்காதீர்கள். அந்த வரி ரெஸ்யூம் பகுதியில் (கணினி உறக்கத்திலிருந்து எழும்போது ஓடுவது) இருக்கிறது என்றே ஊகிக்கிறேன். வேறொருவர் அங்கே அதை நீக்கிவிட்டுப் போன டிரைவரைப் பராமரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அதில் இன்டரப்டை ப்ரோப் கட்டத்திலேயே (டிரைவர் சாதனத்தை முதலில் ஏற்கும்போதே) பதிவு செய்திருந்தார்கள். சஸ்பெண்டில் (கணினி உறங்கப் போகையில்), இன்டர்ஃபேஸ் இயங்கினால் மட்டும் டிசேபிள். ரெஸ்யூமிலோ எதையும் பாராமல் எனேபிள். ஆகவே இன்டர்ஃபேஸ் டவுனாக இருக்கையில் கணினி உறங்கி எழுந்தால் எச்சரிக்கை வந்தது. வரியை நீக்கியதும் அது நின்றது, ஆனால் இன்டர்ஃபேஸ் இயங்கும்போது கணினி உறங்கி எழுந்தால் நெட்வொர்க்கும் நின்றது. டிசேபிள் ஒவ்வொன்றுக்கும் கெர்னல் டெப்த் என்ற எண்ணிக்கையை ஒன்று கூட்டும், எனேபிள் ஒன்று குறைக்கும், அது 0 ஆனால்தான் இன்டரப்ட் மீண்டும் வரும். இங்கே அது 1-லேயே தங்கிவிட்டது. பேக்கெட் எதுவும் உள்ளே வரவில்லை. அனுப்பியவை முடிந்த தகவலும் வராததால் டிஎக்ஸ் ரிங் (அனுப்பும் வரிசை) நிரம்பி, அனுப்புதல் முடங்குகிறதா என்று கண்காணிக்கும் வாட்ச்டாக்கின் டைம்அவுட் லாகில் விழுந்தது. பழியோ கேபிளுக்கும் சுவிட்சுக்கும் போனது. ப்ராக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பை யாராவது அடுத்தடுத்துப் பார்த்திருந்தால், இந்தச் சாதனத்துக்கு வந்த இன்டரப்டுகளின் எண்ணிக்கை அசையாமல் நிற்பது தெரிந்திருக்கும்.

சஸ்பெண்டில் உள்ள அதே நிபந்தனையை ரெஸ்யூமிலும் வைத்ததே தீர்வு. இடையில் பயனர் நிரல்கள் உறைந்திருப்பதால் அதன் விடை மாறாது. 'ஒரு ஃபிளாக் வைத்துக்கொண்டால் போதுமே' என்று ரிவ்யூவில் சொல்பவர்கள் உண்டு. கெர்னல் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும்போது இன்னொரு கணக்கைத் தொடங்குவது, ஜோடி எங்கே பிரிந்தது என்பதை மறைக்க மட்டுமே உதவும். ரீசெட் பாதையில் ரிங்குக்கு நினைவகம் கிடைக்காமல் பாதியில் வெளியேறும் இடத்தையும் பாருங்கள். எனேபிள் விடுபடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஹேண்ட்லருக்குள் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் நிரலுக்குள்) டிசேபிள்_ஐஆர்க்யூவை அழைக்கவே கூடாது, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடிவதற்காக அது காத்திருக்கும் என்பதால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். அப்படிக் காத்திருக்காத நோசிங்க் வடிவம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் பகிரப்பட்ட லைனில் அடுத்த சாதனத்தின் இன்டரப்டும் சேர்ந்து அடைபடும். சாதனத்தின் மாஸ்க் ரெஜிஸ்டரை மூடி அதன் இன்டரப்டை மட்டும் அடைத்துவிட்டு, பேக்கெட்டுகளைத் தொகுதியாகக் கையாளும் கெர்னல் வசதியான நாப்பியை ஷெட்யூல் செய்யுங்கள்; அது அழைக்கும் போல் செயல்பாடு செய்த வேலை பட்ஜெட்டுக்கு (ஒரு முறைக்கான உச்சவரம்புக்கு) குறைவாக இருந்து, நாப்பி_கம்ப்ளீட்_டன் ட்ரூ என்று திருப்பினால் மட்டும் மாஸ்க்கைத் திறவுங்கள்.