பல வருடம் நின்றுபோன பழைய கார் இன்ஜினை முதலில் எப்படிச் சுற்றுவது?

சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை மட்டும் போட்டுவிடாதீர்கள். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவேறி ஒட்டியிருந்தால், திடீரென இழுக்கும்போது ரிங் உடையும்.

எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, சிலிண்டருக்கு 2, 3 ஸ்பூன் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி 2 நாள் ஊற விடுங்கள். அவசரப்படவே கூடாத இடம் இதுதான். இன்ஜின் ஆயிலை மாற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினின் முன்முனையில் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளக் கைப்பிடி ஸ்பேனர் மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள்.

விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் கூட இருக்கட்டும். வால்வு கவரைத் திறந்து வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களை அவர் கவனிக்க வேண்டும். கீழே இறங்கிய வால்வு மேலே வராமல் நின்றால் உடனே நிறுத்துங்கள்; மீறினால் பிஸ்டன் மோதி வால்வு வளையக்கூடும். தடையில்லாமல் சுற்றிய பிறகே ஸ்டார்ட்டர். அப்போது பிளக் துளைகள்மேல் துணி போடுங்கள், எண்ணெய் பீய்ச்சியடிக்கும்.

டேங்கில் வார்னிஷ் வாடை அடிக்கிறதா? கெட்டுப்போன அந்தப் பெட்ரோல் கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளையை) அடைக்கும், வடித்துவிடுங்கள்.